வாடகை வானில் டிவிடி: லண்டனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வாடகை வான் (வேன்) பேசினால் வாட்ஸ்அப்பில் வரும் பதில் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். "ஏசி இருக்கு, டிவி டிவிடி எல்லாம் இருக்கு, பிரச்சினை இல்லை அண்ணை." ஏழெட்டு மணித்தியால ஓட்டம், பின்சீற்றில் பிள்ளைகள், நடுவில் அம்மா. டிவிடி இருக்கிறது என்றதும் மனம் குளிர்ந்துவிடும். இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் கொண்டுபோகும் டிஸ்க் அதில் ஓடுமா என்பது வேறு கேள்வி. வானை வாடகைக்கு விடுகிறவர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார், அவருக்கே தெரியாது.

காரணம் சிக்கலானது இல்லை. இலங்கையில் ஓடும் ஹயர் வான்களில் பெரும்பாலானவை ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு வந்தவை. அங்கேயும் வலப்பக்கம் ஸ்டியறிங், ஊரிலும் வலப்பக்கம், ஆகவே அப்படியே இறக்கிவிடலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்த வாகனங்களுக்கு மறுபடி வழிவிட்டது 2025இல்தான். இடையில் அந்த ஐந்து வருடமும் பழைய வான்களையே பார்த்துப் பார்த்துத் திருத்தி ஓட்டினார்கள். லண்டனில் புதுக் கார்களில் டிஸ்க் போடும் வாயே இல்லாமல் போய்விட்டது. ஊர் வான்களில் அது இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வானில் டிவிடியும் ரேடியோவும் சேர்ந்திருக்கும் அந்தப் பெட்டி ஜப்பானில் இருப்பவருக்காகவே செய்யப்பட்டது. மொழி, ரேடியோ, டிவி, வரைபடம், டிஸ்க் எல்லாமே அந்த நாட்டுக் கணக்கு.

நாங்கள் போன வானில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். சாரதித் தம்பி சிரித்தார். "அவ ஒவ்வொருநாளும் இப்பிடித்தான் அண்ணை. காட் போடேல்லையாம்." ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் கட்டணம் கழிக்கும் கருவி அது. தன் அட்டையைக் காணவில்லை என்று ஒவ்வொரு முறையும் முறையிடுகிறது. கழற்றிவிடலாம், யாரும் கழற்றுவதில்லை.

திரையின் மூலையில் மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடியது. அதுவும் பழுதில்லை, ஜப்பான் நேரம். செய்மதியிலிருந்து நேரத்தை எடுத்துத் தன் நாட்டு நேரமாக மாற்றிக் காட்டும் பெட்டிகளில் கையால் திருத்த இடமில்லை. வரைபடமும் ஜப்பான்தான். நாங்கள் மதவாச்சி தாண்டும்போது திரையில் ஏதோ ஒரு ஜப்பானியத் தெரு அசையாமல் நின்றது. டிவி பட்டனை அமத்தினால் ஒன்றும் வராது, அது அந்த நாட்டு ஒளிபரப்பு முறைக்கானது. ரேடியோவுக்கு மட்டும் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜப்பானிய எஃப்எம் 76 இல் தொடங்கி ஏறக்குறைய 90 உடன் முடிந்துவிடும், எங்கள் நிலையங்கள் 108 வரை போகும். ஆகவே ஏரியல் வயரில் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டுவார்கள். அது அலைவரிசையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 12 இறக்கும் பெட்டி என்றால் 100 இல் வரும் நிலையம் திரையில் 88 என்று தெரியும். ஆகவே திரையில் தெரியும் எண்ணை நம்பிச் சூரியன் எஃப்எம்மையோ சக்தி எஃப்எம்மையோ தேடாதீர்கள். சாரதிக்கு எண்கள் மனப்பாடம், அவரிடமே விட்டுவிடுவது நல்லது.

இனி டிஸ்க் கதை. கடைகளில் விற்கும் படங்களின் டிவிடிக்கு உலகத்தை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கனடா, அமெரிக்கா 1. பிரித்தானியா, ஐரோப்பா, ஜப்பான் 2. அவுஸ்திரேலியா 4. இலங்கை, இந்தியா 5. லண்டன்காரருக்கு இதைக் கேட்டதும் சந்தோஷம் வரும், நாங்களும் 2, ஜப்பானும் 2 என்று. ஆனால் வலயம் ஒரு பூட்டு மட்டும்தான், இரண்டாவது பூட்டு படத்தைப் பதிந்திருக்கும் டிவி முறை. பிரித்தானிய டிஸ்க் பால் (PAL) முறையில் இருக்கும், 625 வரி, செக்கனுக்கு 25 படம். ஜப்பான் என்டிஎஸ்சி (NTSC), 525 வரி, செக்கனுக்கு ஏறக்குறைய 30. லண்டன் வீட்டில் இருக்கும் பிளேயர்கள் அநேகமாக இரண்டையும் வாசிக்கும். ஜப்பானிய வான் பெட்டி அநேகமாக என்டிஎஸ்சி தவிர எதையும் தொடாது. பிள்ளைகளின் கார்ட்டூன் டிஸ்கைப் போட்டதும் திரையில் ஒரு வரி வந்து நின்றது. டிஸ்கைச் சரிபார்க்கச் சொல்கிறது என்று பிறகு தெரிந்தது. டிஸ்கில் ஒரு கீறல்கூட இல்லை.

அதே வானில் லண்டன் தமிழ்க்கடையில் வாங்கிய படம் உடனே ஓடியது. எங்கள் ஆட்களை நம்பி விற்கும் தமிழ்ப் பட டிஸ்க்குகள் பல எல்லா வலயத்துக்கும் பொதுவாக, என்டிஎஸ்சி முறையில் வரும். கனடாவுக்கும் விற்க வேண்டும் அல்லவா. பின்னட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர்களுடைய டிஸ்க் என்டிஎஸ்சிதான், ஆனால் வலயம் 1 என்று இருந்தால் ஜப்பானியப் பெட்டி திருப்பித் துப்பிவிடும். வலயத்தை மெனுவில் போய் மாற்றும் வசதி இந்தப் பெட்டிகளில் கிடையாது. சாரதியைக் குடைந்து பிரயோசனமில்லை.

மொழிப் பிரச்சினைதான் பெரிதாகத் தெரியும், உண்மையில் அதுதான் சின்னது. மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஜப்பான் சந்தைக்கான பெட்டிகள் பலவற்றில் வேறு மொழியே உள்ளே இல்லை. கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து கமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் போதும், எந்தப் பட்டன் என்ன என்று ஓரளவு விளங்கிவிடும். ஜப்பானிய மொழியை லண்டனிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். படம் ஓடும்போது திரையை ஒருமுறை தொட்டால் கீழே பட்டன்கள் வரும். அதில் ஒன்று சப்டைட்டில், ஒன்று ஒலிமொழி. பல மொழியுள்ள டிஸ்க்கைப் போட்டால் பெட்டி முதலில் ஜப்பானிய மொழியைத்தான் தேடும். அதை ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியே மாற்றாமல், டிவிடி செற்றிங்ஸில் ஆரம்ப மொழி என்ற இடத்தில் ஆங்கிலத்தைத் தெரிவு செய்துவிடலாம். இது மெனு மொழி அல்ல, டிஸ்க்கின் மொழி. பட்டியலில் ஆங்கிலம் அநேகமாக இருக்கும்.

நாங்கள் வானுக்குள் இருந்து மாற்றிய வேறு சிலதும் சொல்கிறேன். ஒலியை முன்பின் தள்ளும் ஃபேடரை முழுக்கப் பின்பக்கம் விட்டோம். பிள்ளைகளுக்குப் படச் சத்தம் கேட்டது, சாரதியின் காதுக்குப் பக்கத்தில் சண்டைக்காட்சி இல்லை. இது மிகவும் பிரயோசனமான மாற்றம், வானில் ஏறியதும் முதல் செய்யுங்கள். பேச்சு மெல்லியதாகவும் பாட்டு வந்ததும் காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், டிஸ்க்கில் 5.1 என்ற பல ஸ்பீக்கர் ஒலியை விட்டு ஸ்டீரியோவைத் தெரிவு செய்து பாருங்கள். அம்மா பழைய படம் பார்க்கக் கேட்டபோது முகமெல்லாம் அகன்று பூசணிக்காய் மாதிரி இருந்தது. திரை அளவை ஃபுல்லில் இருந்து நோர்மலுக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், முகம் முகமாக இருக்கும். சாரதி பட்டை பிடிக்காமல் திரும்ப ஃபுல்லுக்கு மாற்றினார். அம்மா விடவில்லை.

கூரையில் மடித்து வைத்திருக்கும் பின்திரைக்குத் தனிப் பட்டன் உண்டு. முன்னால் படம் ஓடிப் பின்னால் கறுப்பாக இருந்தால் பழுது என்று முடிவெடுக்காமல் அதைத் தேடுங்கள்.

முன்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஹான்ட்பிறேக் போட்டிருந்தால்தான் முன்திரையில் படம் தெரியும், வண்டி ஓடும்போது ஒலி மட்டும். பின்திரைக்கு அந்தத் தடை இல்லை. ஹயர் வான்களில் அந்த ஒரு வயரை வெட்டி வண்டியின் உலோக பொடியோடு (body) எர்த் பண்ணிவிடுகிறார்கள், பெட்டி எப்போதும் ஹான்ட்பிறேக் போட்டிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். எங்கள் வானிலும் அப்படித்தான். பிரித்தானியாவில் ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி படம் ஓடுவது குற்றம். ஊரில் சட்டம் எப்படியும் இருக்கட்டும், இரவு ஏ9 வீதியில் எதிரே பஸ் லைட் அடித்துக்கொண்டு வரும்போது சாரதி திரையைப் பார்க்கும் வானில் என் பிள்ளைகளை ஏற்றத் தயாரில்லை. "தம்பி, முன்னால திரையை மட்டும் நிப்பாட்டுங்கோ" என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் செய்தார். திரையை அணைத்து ஒலியையும் பின்திரையையும் விட்டுவைக்கும் பட்டன் அந்தப் பெட்டியிலேயே இருந்தது.

அந்தத் தம்பியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிற்கும்போது வானின் பற்றறி இறங்கிவிட்டது. கராஜ்காரர் நேரே கழற்றப் போனார், தம்பி தடுத்து இன்னொரு பற்றறியை வயரால் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மின்சாரம் ஒரேயடியாகப் போனால் சில ஜப்பானியப் பெட்டிகள் பூட்டிக்கொள்ளும். களவு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வரைபட எஸ்டி காட்டையோ ஒரு குறியீட்டையோ கேட்கும், அதுவரை ரேடியோவும் இல்லை, டிவிடியும் இல்லை. எங்களுக்கு உதவாத ஜப்பான் வரைபடம் என்று அந்தக் காட்டைக் கழற்றித் தொலைத்த வான்கள் நிறைய. டிஸ்க் போடத் திரை சாயும்போது பக்கத்தில் தெரியும் அந்தச் சின்னக் காட்டைப் பிள்ளைகள் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வான் பேசிய இடத்தைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. கார்ட்டூன் ஓடவில்லை என்று போன் எடுத்தபோது, உங்கள் டிஸ்க் கொப்பியாக இருக்கும் என்றார்கள். கடையில் வாங்கிய டிஸ்க் என்றதும், அப்படியென்றால் வானில் ஏதோ அமத்தியிருப்பீர்கள் என்றார்கள். பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் முறை பொருந்தவில்லை என்ற நேர்மையான பதில் கிடைத்தது யாழ் நகரில் கார் ஓடியோ பூட்டும் ஒரு சின்னக் கடையில். அங்கிருந்த பொடியன் டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை, அட்டையை வாசித்தான். "இது பால் அண்ணை, இந்த செட் எடுக்காது." அண்ட்ரொயிட் திரை ஒன்று பூட்டச் சொல்லி என்னிடம் விற்கப் பார்க்கவும் இல்லை, வான் என்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். யூஎஸ்பி போடும் ஒரு சின்னப் பெட்டியை வானின் ஏயூஎக்ஸ் (AUX) வாயில், அதாவது வெளிக் கருவியின் படமும் ஒலியும் கொடுக்கும் இடத்தில், செருகித் தந்தான். முதலில் படம் உருண்டது. அந்தப் பெட்டியின் செற்றிங்ஸில் பாலை என்டிஎஸ்சியாக மாற்றியதும் நின்றது. போனில் இருந்த எங்கள் குடும்ப வீடியோக்களை யூஎஸ்பியில் ஏற்றித் திரும்பும் பயணம் முழுக்க அதில்தான் பார்த்தோம்.

இனி வான் பேசுகிறவர்கள் டிவிடி இருக்கா என்று கேட்க வேண்டாம். செட்டின் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யூஎஸ்பி, ஏயூஎக்ஸ் வாய் எங்கே இருக்கிறது, பின்திரை வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஜப்பானியப் பெட்டியைக் கழற்றி அண்ட்ரொயிட் திரை போட்ட வான் என்றால் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம், ஆனால் டிஸ்க் வாய் அநேகமாக இருக்காது. அதற்கு எம்பி4 கோப்புகளாக யூஎஸ்பியில் கொண்டுபோங்கள். பழைய ஜப்பானியப் பெட்டிக்கு எம்பி4 கோப்பை டிஸ்க்கில் எழுதிக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. டிவிடி வீடியோவாகவே எழுதி, கடைசியில் ஃபைனலைஸ் பண்ணியிருக்க வேண்டும், அதாவது மற்றப் பிளேயர்களும் வாசிக்கும்படி டிஸ்க்கை முடித்து வைக்க வேண்டும்.

கலியாண வீடியோவை உறவுகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஸ்டூடியோவில் எழுதக் கொடுக்கும்போதே என்டிஎஸ்சியில் ஒரு பிரதி கேளுங்கள். வீட்டு பிளேயரிலும் அது அநேகமாக ஓடும். வீட்டில் எழுதும் டிஸ்க்குக்கு வலயப் பூட்டு கிடையாது, முறை மட்டும் பொருந்தினால் போதும். மணமக்கள் படத்தைக் கடதாசியில் அச்சடித்து டிஸ்க்கின் மேல் ஒட்டித் தந்தால் வாங்காதீர்கள். வெயிலில் நிற்கும் வானின் சூட்டில் பசை இளகி, உள்ளே போன டிஸ்க் வெளியே வராமல் போகலாம்.