பங்குனியில் பறவை பார்க்க: தனுஷ்கோடியா, கண்மாயா, அரிட்டாபட்டியா?

மாசி பிறந்தால் போதும், மதுரையில் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் எல்லாம் தனுஷ்கோடிப் பேச்சாகவே இருப்பார்கள். காரணம், பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் என் ஓட்டு கண்மாய்க்குத்தான்.

மதுரையிலிருந்து தனுஷ்கோடியின் கோடி முனையான அரிச்சல்முனை கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். விடியும் முன்பே கிளம்பினாலும் போய் இறங்கும்போது வெயில் ஏறிவிடும். அப்புறம் கானல் எல்லாவற்றையும் நெளியவிடும். பூநாரைகள் கரையை ஒட்டி நிற்பதும் குறைவு. தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். பறந்தால்தான் இறக்கையின் சிவப்பு கண்ணில் படும். செல்போனில் படம் எடுக்கப் போனவர்கள் முகம் வாடித்தான் திரும்புகிறார்கள். கிட்டே போகலாம் என்று சேற்றில் இறங்கிக் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர்கள். 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் கதையே வேறு. அப்போதும் நான் பூநாரைக்காகப் போகச் சொல்ல மாட்டேன், உள்ளான், உப்புக்கொத்தி என்ற சின்னக் கரையோரப் பறவைகளுக்காகப் போகச் சொல்வேன். குளிர்காலம் முழுக்க இவை சாம்பலும் பழுப்புமாக, ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்க முடியாமல் நம்மைப் படுத்தி எடுக்கும். பங்குனி வாக்கில், வடக்கே கிளம்பும் முன், நிறம் மாறத் தொடங்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் காவி ஏறும். சைபீரியத் தூந்திரத்தில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளானுக்குக் கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறம் படரும். பாதி மாறியும் மாறாமலும் திட்டுத் திட்டாக நிற்பவற்றைப் பார்ப்பது இன்னும் சுவாரஸ்யம். கூடவே ஆலா என்ற கடற்பறவைக் கூட்டம். இதற்கெல்லாம் ஈடாக மதுரைப் பக்கம் எதுவும் இல்லை.

சரி, கண்மாய்க்கு வருவோம். ரிங் ரோடு தாண்டிய சாமநத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். பங்குனியில் தண்ணீர் சுருங்கும். மிச்சமிருக்கும் பள்ளத்தில் மீன் எல்லாம் வந்து அடையும். சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று சுற்று வட்டாரமே பந்திக்கு உட்கார்ந்துவிடும். சேற்று ஓரத்தில் பொரி உள்ளானும் மஞ்சள் வாலாட்டியும் மேயும். கிழக்கே கரை உள்ள கண்மாயாக இருந்தால் காலை வெயில் முதுகுப் பக்கம் விழும், பறவை பளிச்சென்று தெரியும். குப்பை, நாய், நாற்றம் எல்லாம் உண்டு, மறைக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் மாசியிலேயே தரை வெடித்துவிடும். மீன்பிடித் திருவிழா முடிந்த கண்மாய்க்கும் போக வேண்டாம், பறவைக்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டி இந்த இரண்டோடும் சேராது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. கூட்டம் கூட்டமாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான். இங்கே குன்றையும் வானத்தையும் பார்த்தபடி லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளி போன்ற வேட்டைப் பறவைகளுக்குக் காத்திருக்க வேண்டும். பாறை சூடேறி அனல்காற்று எழும்பும்போதுதான் பெரிய பருந்துகள் வட்டமடிக்க வரும், அதனால் ஒன்பது மணிக்குப் போனாலும் குற்றமில்லை. விடியலில் கண்மாய், டிபனை முடித்துக்கொண்டு அரிட்டாபட்டி என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். வல்லூறு வராவிட்டால் குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் இருக்கின்றன.

வேட்டங்குடி, தேர்த்தங்கல் போன்ற சரணாலயங்களைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி கடைசியில் பெரும்பாலும் காலிக் கூடுகள்தான் மிஞ்சும்.

கண்மாய்க்கும் அரிட்டாபட்டிக்கும் சாதாரண 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) பைனாகுலர் போதும். தனுஷ்கோடிக்கு முக்காலியில் வைக்கும் ஸ்கோப் (தொலைநோக்கி) இல்லாமல் பாதிப் பறவை புள்ளியாகத்தான் தெரியும். ஸ்கோப் வைத்திருக்கும் நண்பர் யாராவது கிளம்பினால் பெட்ரோல் செலவை ஏற்றுக்கொண்டு தொற்றிக்கொள்ளுங்கள்.