டோபியானோவா, ஃப்ரேம் ஓவரோவா? குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு

திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்த பெண் குதிரை வேண்டும், அதனிடம் குட்டியும் எடுக்க வேண்டும். இப்படித் தேடியபோது கடைசியில் இரண்டு திட்டு வகைகள் மிஞ்சின: ஒன்று டோபியானோ, மற்றது ஃப்ரேம் ஓவரோ. நான் வாங்கியது டோபியானோ.

தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம். டோபியானோவில் வெள்ளை முதுகைத் தாண்டி இரு பக்கமும் வழியும், கால்களும் பெரும்பாலும் வெள்ளைதான். முகத்தில் மட்டும் நிறம் இருக்கும். திட்டின் ஓரம் சீராக வளைந்து போகும். ஃப்ரேமில் முதுகு நிறத்தோடு நிற்க, வெள்ளை கழுத்திலும் விலாவிலும் கிழிந்த துணிபோலப் படரும். முகம் வெள்ளை, பல குதிரைகளுக்குக் கண் நீலம். அழகை மட்டும் பார்த்தால் என் மனம் ஃப்ரேம் பக்கம்தான் சாய்ந்தது.

தேய்த்துக் கழுவுகிற வேலை இரண்டுக்கும் ஒன்றே. வெயிலில்தான் கொஞ்சம் வித்தியாசம். வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு. உடம்பை முடி காப்பாற்றும், மூக்கு நுனியில் முடி மெலிசு. அதனால் வெள்ளை முகத்துக் குதிரைக்கு மூக்கு வெந்து தோல் உரியும். சன்ஸ்கிரீன் தடவினால் சமாளிக்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது குட்டிதான். ஃப்ரேம் மரபணு ஒரு பிரதி இருந்தால் குதிரை பொதுவாக நலமாகவே இருக்கும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் சேர்ந்து இரண்டு பிரதி வந்தால் குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் குடலில் நரம்பு அணுக்கள் வளர்ந்திருக்காது. குடித்த பால் நகராது, சாணம் போகாது, வயிற்றுவலியில் துடித்துச் சில நாளில் செத்துவிடும். வைத்தியம் கிடையாது. ஃப்ரேம் உள்ள இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு சினைக்கும் இந்த ஆபத்து 25 சதவீதம்.

கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ஃப்ரேம் இருந்தும் வெள்ளையே தெரியாத குதிரைகள் உண்டு. ஃப்ரேம் இல்லாத பொலிகுதிரையோடு மட்டும் சேர்த்தால் இந்தக் குட்டி பிறக்காது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பொலிகுதிரையின் மரபணுச் சோதனை முடிவைக் கேட்டு வாங்கி, அதை நம்பி இறங்க வேண்டும். அந்தக் கவலை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

டோபியானோவில் இரண்டு பிரதி வந்தாலும் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் லாபம்தான், அப்படிப்பட்ட குதிரைக்குப் பிறக்கிற எல்லாக் குட்டிக்கும் அந்த மரபணு போகும். ஆனாலும் டோபியானோ என்பதாலேயே சோதனையைத் தவிர்க்காதீர்கள். இரண்டு மரபணுவும் ஒரே குதிரையில் இருக்கலாம். பிடரிமயிரை வேரோடு பிடுங்கிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். என்னுடையதுக்கு ஃப்ரேம் இல்லை, டோபியானோ ஒரு பிரதி என்று வந்தது.

அப்புறம், பொலிகுதிரை சாம்பல் நிறமாக இருந்தால் யோசியுங்கள். சாம்பல் மரபணு வாங்கிய குட்டிக்கு வருடங்கள் போகப்போக நிறத்திட்டும் வெளுத்து, வெள்ளையோடு கலந்துவிடும். நான் சாம்பல் குதிரை வளர்த்ததில்லை, அதனால் அதன் பராமரிப்பைப் பற்றி அனுபவத்தோடு பேச முடியாது.

இதுவரை ஒரு குட்டிதான் எடுத்திருக்கிறேன். பாதி வாய்ப்பில் திட்டு வரவில்லை, முழுச் செம்பழுப்பு. பிறந்த அன்றே எழுந்து நின்று பால் குடித்தது.