சொந்தமா பிளேன் கட்டறதா, கம்பெனி பிளேன் வாங்கறதா? பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஒரு கணக்கு

கஞ்சிக்கோட்டுல லேத் பட்டறை வச்சிருக்கறவங்க நாலு பேரு டீக்கு ஒதுங்கினா போதும், பேச்சு எப்படியோ சுத்தி இங்க வந்துருது, ஏனுங்க அலுமினிய ஷீட்டு, ரிவிட்டு, ஒரு என்ஜின், இதுக்கு கோடிக்கணக்குல கேக்கறாங்களே நாமளே கட்டிக்கலாமேன்னு. கொழிஞ்சாம்பாறைல இருந்து கோயமுத்தூர் வரைக்கும் பம்பு, மோட்டாரு, மெஷின் பார்ட்டுன்னு செஞ்சு பழகின கை, அந்த நெனப்பு வர்றது நியாயந்தான். ஆனா எனக்கென்னமோ கைவேலைய விட பேப்பர்தான், அதாவது சர்டிபிகேட்டு, அனுமதிதான், இதுல பெரிய செலவுன்னு தோணுது, அதத்தான் எழுதறேன்.

முதல்ல கம்பெனி பிளேன். செஸ்னா 172ன்னா நாலு சீட்டு, 1956ல இருந்து வருது, இதுவரைக்கும் 44,000க்கு மேல செஞ்சிருக்காங்க, உலகத்துலயே அதிகமா செஞ்ச பிளேன் இதுதான். புதுசு ஒன்னு 4 லட்சம் டாலருக்கு மேல போகுது, நம்ம காசுல மூணரைக் கோடிக்குக் கொறையாது, இங்க கொண்டாந்து இறக்கற செலவும் வரியும் தனி. அவ்வளவு பழைய டிசைனுக்கு எதுக்கு இந்த விலைன்னா, ஒவ்வொரு போல்ட்டும் சர்டிபிகேட்டோட வரணும், எங்கயாவது பிளேன் விழுந்தா கம்பெனி மேல கேஸு வரும், அந்த செலவெல்லாம் வாங்கறவன் தலைலதான். கேஸு தொல்லையும் விற்பனைச் சரிவும் சேந்து 1986ல செஸ்னா சின்ன பிளேன் செய்யறதையே நிறுத்திருச்சு. 1994ல அமெரிக்கால ஒரு சட்டம் வந்துச்சு, 18 வருஷத்துக்கு மேல பழசான பிளேனுக்கு செஞ்ச கம்பெனி மேல கேஸு போட முடியாதுன்னு, அதுக்கப்புறந்தான் 1996ல திரும்ப ஆரம்பிச்சாங்க.

கட்டற பக்கம் பாத்தா அமெரிக்கால ஒரேகான்ல இருக்கற வேன்ஸ் கம்பெனியோட ஆர்வி கிட்டுதான் பிரபலம், கிட்டுன்னா பாகங்கள பெட்டில போட்டு அனுப்புவாங்க, நாம கோத்துக் கட்டிக்கணும். ரெண்டு சீட்டு ஆர்வி-7ல 180 குதிரைசக்தி என்ஜின் போட்டா மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போகும், அதே சக்தில செஸ்னா 172 சுமார் 230தான், ஆனா அதுல நாலு பேர் போகலாம்ங்கறதையும் சேத்துப் பாக்கணும். மீட்டருங்க, ஸ்கிரீனுங்க எல்லாம் சர்டிபிகேட் இல்லாத ரகம் போடலாம், விலை நல்லாக் கொறையும். அமெரிக்கால கட்டினவனே வருஷாந்திர செக்கிங்கையும் பண்ணிக்கலாம். கேக்க இனிப்பாத்தான் இருக்கு. ஆனா கிட்டோட விலைய மட்டும் பாத்து ஏமாறக்கூடாது, என்ஜின், புரொப்பல்லர், மீட்டர், பெயிண்ட் எல்லாம் தனித்தனி, பல நேரம் புது என்ஜின் விலையே கிட்டு விலையத் தாண்டிரும். நேரம்? 1,500ல இருந்து 2,000 மணி நேரம்னு வச்சுக்குங்க. ஞாயித்துக்கெழம மட்டும் எட்டு மணி நேரம் உக்காந்தா நாலஞ்சு வருஷம் ஆகும், நம்மூர்ல எந்த ஞாயிறு கல்யாணம் காதுகுத்து இல்லாம விடியுது சொல்லுங்க. பாதி வேலை முடிச்சுத் தர்ற கிட்டும் இருக்கு, அதுக்குக் காசு கூட. இன்னொன்னு, அட்வான்ஸ் கட்டிட்டு பெட்டிக்குக் காத்திருக்கறது. 2023 டிசம்பர்ல வேன்ஸே திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு, ஏற்கனவே ஆர்டர் கொடுத்தவங்க கூடுதல் காசு கட்டித்தான் கிட்டு எடுக்கற நெலம ஆச்சு, அப்புறம் கம்பெனி மீண்டு வந்துருச்சு.

இப்ப பேப்பருக்கு வருவோம். அமெரிக்கால பாதிக்கு மேல வேலை நீங்களே ஆசைக்கும் படிப்புக்கும் செஞ்சதுன்னு காட்டினா அதுக்குன்னே தனி வகை சர்டிபிகேட் குடுப்பாங்க, இங்கிலாந்துல லைட் ஏர்கிராப்ட் அசோசியேஷன்னு ஒரு சங்கம் இன்ஸ்பெக்டர் வச்சு படிப்படியா பாத்துக்கும். ஆலப்புழால இருந்து இங்கிலாந்து போன ஒரு என்ஜினியர் லாக்டவுன்ல தென்னாப்பிரிக்காவோட ஸ்லிங் கம்பெனி நாலு சீட்டு கிட்டை வாங்கிக் கட்டி, குடும்பத்தோட ஐரோப்பாவையே சுத்தினாரு. நம்ம இந்தியால பாருங்க, மும்பைல காந்திவலி மொட்டை மாடில ஆறு சீட்டு பிளேன் கட்டின கேப்டன் அமோல் யாதவ், 2016ல மேக் இன் இந்தியா கண்காட்சில வச்சு நாடே பாத்துச்சு, ரிஜிஸ்ட்ரேஷன் 2017ல வந்துச்சு, பறக்கவிட்டுப் பாத்தது 2020ல. தொடுபுழா சஜி தாமஸ் சொந்தமா ரெண்டு சீட்டு பிளேன் கட்டி, நம்ம அம்பாசமுத்திரம் பக்கம் கொண்டாந்து பறக்கவிட்டாரு. மூணு பேருக்கும் கைத்திறமைல கொறச்சல் ஒன்னுமில்ல, ஆபீஸுங்கதான் வேற வேற. கம்பெனி பிளேன் வாங்கறவன் குடுக்கற காசுல பெரும்பங்கு இந்த அலைச்சலத் தவிர்க்கத்தான்னு நான் சொல்வேன்.

விபத்துக் கணக்கையும் மறைக்காம சொல்லணும். 2011ல அமெரிக்கால சொந்தமா கட்டின பிளேனுங்க மொத்த சின்ன பிளேன்ல பத்து சதவீதம் கிட்டத்தான், ஆனா விபத்துல 15 சதவீதம், உயிர்ச்சேத விபத்துல 21 சதவீதம்னு அங்கத்த விபத்து விசாரணை போர்டு 2012ல சொல்லிச்சு. ரெக்க ஒடஞ்சு விழுந்ததுன்னு நெனைக்காதீங்க, அதிகமா என்ஜின் நின்னு போனதும், ஓட்டறவன் கட்டுப்பாடு இழந்ததுந்தான் காரணம்.

நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சனை காத்து. முப்பது நாப்பது கிலோமீட்டர் அகல கணவாய்ல மழைக்காலத்துல மேக்கால இருந்து அடிக்கற காத்துக்குத்தான் கஞ்சிக்கோட்டுல காத்தாடி நட்டிருக்காங்க. இந்தியால மைக்ரோலைட்டுன்னா ரெண்டு சீட்டு, மொத்தம் 450 கிலோவுக்குள்ள, செஸ்னா 172 முழு எடைல 1,157 கிலோ. அந்தக் காத்துல 450 கிலோ பிளேன் என்ன பாடுபடும்னு யோசிங்க, யார் கட்டினதா இருந்தாலும் காலைல காத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஏத்தி எறக்கிரணும்.

பெட்ரோலும் அப்படித்தான். எடை கொறஞ்ச சின்ன பிளேன் நெறையதுல ரோட்டாக்ஸ் 912 என்ஜின்தான், கார் பெட்ரோலே போதும்னு விக்கறவங்க சொல்வாங்க, ஆனா அந்த என்ஜின் கம்பெனி எத்தனால் 10 சதவீதம் வரைக்குந்தான் ஒத்துக்குது, நம்ம பங்க்குல வர்றது இப்ப 20 சதவீதம். அப்ப பிளேனுக்குன்னே வர்ற பெட்ரோல், ஏவ்காஸ்தான் கதி. அதை 2022ல இருந்து இந்தியன் ஆயிலே வதோதராவுல செய்யறாங்க, இருந்தாலும் பேரலா வரவழைக்கணும், அதுல ஈயம் இருக்கறதால ரோட்டாக்ஸுக்கு ஆயிலும் சீக்கிரம் சீக்கிரம் மாத்தணும். இது கட்டினாலும் வாங்கினாலும் ஒரே செலவு, யாருக்கும் தள்ளுபடி கெடையாது.

எனக்குக் கேட்டா, பறக்கறதுக்குன்னா கம்பெனி பிளேனுதான், அதுவும் நாலு பேரு பங்கு போட்டு. கட்டற ஆசைய அடக்க முடியலன்னா, புள்ள குட்டிங்க இங்கிலாந்துலயோ அமெரிக்காலயோ இருந்தா ரிட்டயர்டாகி அங்க போயி கிட்டு கட்டுங்க, அங்கயே பறந்துட்டு வாங்க. ரெண்டுக்கும் நடுவுல யாரோ கட்டினத செகண்ட்ஹேண்ட்ல மலிவா வாங்கலாம்னு சிலர் கெளம்பறாங்க, அதுதான் எனக்கு பயம், மேல சொன்ன அந்த 2011 விபத்துங்கள்ல பாதிக்கு மேல பழசா வாங்கின பிளேனுங்கதான். அப்படித்தான் வாங்குவேன்னா, கட்டறப்ப என்னென்ன செஞ்சாருன்னு கட்டினவர் எழுதி வச்ச நோட்டை மொதல்ல கேளுங்க, நோட்டு இல்லன்னா வெல கூட பேச வேண்டாம்.