பாரத் கிருஹ ரக்ஷா: மொட்டை மாடி ஒழுகினால் கைகொடுக்குமா?

காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே நிபந்தனைகளோடு விற்றுவரும் வீட்டுக் காப்பீடு, பாரத் கிருஹ ரக்ஷா. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் இதைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, ஐப்பசி மழையில் தளம் ஒழுகி சீலிங்கும் அலமாரிகளும் பாழானால் பணம் கிடைக்குமா என்பதைத்தான். அந்தத் தேவையை மட்டும் வைத்து மதிப்பிட்டால், இது பாதிக் காப்பீடு.

பாலிசியின் பட்டியலில் உள்ள ஆபத்துகளால் நேரும் சேதத்துக்கு மட்டுமே இது பொறுப்பேற்கிறது. புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது அல்லது நிரம்பி வழிவது ஆகியவை அதில் உண்டு. புயலில் பறந்து வந்த தகரம் மாடியின் ஓடுகளை உடைத்து, அந்த வழியாக மழை இறங்கி உள்ளே நனைந்தவற்றுக்கு இழப்பீடு கோரலாம். ஆனால், தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போய், ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கிய கசிவு பட்டியலில் எந்த ஆபத்தின் கீழும் அடங்காது. சீலிங்கில் ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் படிந்த பழுப்பு வளையங்களையும் சுவரில் பூத்த உப்பையும் பார்க்கும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்), இது நேற்றைய புயலின் வேலை அல்ல என்று எழுதினால் மறுத்துப் பேசுவது கடினம். எனவே, மழைக்காலத்துக்கு முன்பே சீலிங்கைத் தேதியோடு படமெடுத்து வைப்பது நல்லது.

பட்டியலுக்குள் வரும் சேதம் என்றால், இந்தக் காப்பீடு தாராளமானது என்றே சொல்வேன். கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, கட்டடத்துக்குக் காப்பீடு செய்த தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. குறைவான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தாலும் அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை விகிதப்படி வெட்டுவதில்லை; பழைய பாலிசிகளில் பலரை நோகடித்த விதி அது. சுவரோடு பொருத்திய அலமாரி கட்டடத்தில் சேரும், நகைகளுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சாதாரணக் கசிவுக்குக் காப்பீட்டை நம்புவதைவிட, பொறுப்பாளர் யாரென்று பார்ப்பதே பயன்தரும். புது அடுக்குமாடி என்றால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டால், மொட்டை மாடி பொதுச் சொத்து என்பதால் வாட்டர்ப்ரூஃபிங் செலவு உரிமையாளர்கள் எல்லோரையும் சேரும்; கீழ்மாடிக்காரர்கள் எங்களுக்கென்ன என்று கைவிரிப்பதில் நியாயமில்லை. வாடகை வீட்டில் கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால், அவர் எடுத்த பாலிசி வாடகைதாரரின் பீரோவுக்கும் டிவிக்கும் செல்லாது. பொருள்களுக்கு மட்டுமான காப்பை வாடகைதாரரே இதே திட்டத்தில் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.