ஹன்னா அல்கலினிட்டி செக்கர்: புது ரீஃப் டேங்க் வைப்பவர்களுக்கு

புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைப்பவர்கள் ஆரம்பத்திலேயே டெஸ்ட் கிட்டாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். டேங்க் சைக்கிள் ஆகி முடியும் வரை, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து நிலைக்கும் வரை, அம்மோனியா, நைட்ரைட் பார்க்கத்தான் வேண்டும், சரி. ஆனால் பவளம் உள்ளே போன நாளிலிருந்து விடாமல் பார்க்க வேண்டியது அல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவை. அதற்கு நான் வைத்திருப்பது ஹன்னா நிறுவனத்தின் எச்ஐ772, அல்கலினிட்டியை டிகேஹெச் என்ற அலகில் நேராக எண்ணில் காட்டும் சின்னக் கருவி.

கால்சியம் முக்கியமில்லையா என்று கேட்பார்கள். முக்கியம்தான், கல் பவளம் கூடு கட்ட இரண்டையும் சேர்த்தே எடுக்கிறது. ஆனால் அல்கலினிட்டி 2.8 டிகேஹெச் இறங்கும் நேரத்தில் கால்சியம் வெறும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். 420 என்பது 400 ஆனால் யாரும் பதற மாட்டார்கள், கிட்டில் அது சரியாகத் தெரியக்கூட தெரியாது. அதே நேரத்தில் 8 இருந்த டிகேஹெச் 5.2க்கு வந்திருக்கும், அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் நுனி வெளுக்க அது போதும்.

பயன்படுத்துவது சுலபம். 10 மில்லி டேங்க் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து கருவிக்குள் வைத்து பட்டனை அழுத்தி ஜீரோ செய்ய வேண்டும், அப்புறம் சிரிஞ்சில் 1 மில்லி ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) விட்டு, மூடி, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலந்து, மறுபடி வைத்து அழுத்தினால் எண் வந்துவிடும். சொட்டு சொட்டாக விட்டு நிறம் எப்போது மாறுகிறது என்று பார்க்கும் கிட்டுகளில், டேங்கின் நீல வெளிச்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எது பச்சை, எது இளஞ்சிவப்பு என்றே புரியாது. அந்தத் தொல்லை இதில் இல்லை. சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குப்பியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், கைரேகை இருந்தாலே எண் மாறும்.

துல்லியம் பற்றி நிறுவனமே சொல்வது 0.3 டிகேஹெச், அதோடு அளவில் 5 சதவீதம், கூடவோ குறையவோ. அதாவது 8 என்று காட்டினால் நிஜத்தில் 7.3 ஆகவும் இருக்கலாம், 8.7 ஆகவும் இருக்கலாம். எனவே ஒரு நாள் வந்த எண்ணை வைத்து பஃபர் (அல்கலினிட்டியை ஏற்றும் கரைசல்) ஊற்றக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனித்தால் இந்தக் கருவி உண்மையிலேயே உதவும். புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரையும் இதில் பாருங்கள். சில ரீஃப் உப்புகள் 11, 12 டிகேஹெச் வரை வரும், இயற்கைக் கடலில் இருப்பதோ 7 சுமார். 8ல் ஓடும் டேங்கில் அதை வைத்துப் பெரிய வாட்டர் சேஞ்ச் செய்தால் பவளத்துக்கு அது பெரிய அதிர்ச்சி.

குறை என்றால் ரீஏஜென்ட்தான். ஒரு பாட்டிலுக்கு 25 டெஸ்ட், தினமும் பார்த்தால் ஒரு மாதம் வராது. மென் பவளம் மட்டும் வைத்து வாராவாரம் தண்ணீர் மாற்றுபவர்களுக்கு சாலிஃபர்ட் மாதிரி சொட்டு கிட்டே போதும், இந்தச் செலவு தேவையில்லை. கல் பவளம் வைக்கப்போகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் இதே நம்பிக்கையில் அவர்களுடைய கால்சியம் செக்கரையும் சேர்த்து வாங்க வேண்டாம், அதற்கு எடுக்க வேண்டிய டேங்க் தண்ணீர் வெறும் 0.1 மில்லி, அளப்பதில் துளி பிசகினாலும் எண் எங்கேயோ போய்விடும்.