ரிப்பேர் முடிந்த பொது நீச்சல் குளம்: போகலாமா?

குமரி மாவட்டத்தில் ஆறு, குளம், சானல் என்று தண்ணீருக்குப் பஞ்சமில்லையே, அப்புறம் எதற்கு நீச்சல் குளம் என்று கேட்பவர்கள், ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற குளத்தில் பிள்ளையை இறக்கிப் பார்க்கட்டும். எங்கள் ஊர் பொது நீச்சல் குளம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, டெண்டர், மறு டெண்டர், மன்றக் கூட்டத்தில் தீர்மானம் என்று இழுத்தடித்து, ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள்.

தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. ஆழமான பக்கத்திலும் தரைக் கோடு தெளிவாகத் தெரிகிறது, கண் எரியவில்லை. தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தால் சரி. அதை எழுத ஒரு போர்டும் உண்டு, தேதிதான் போன வாரத்தது. கேட்டால், "டெய்லி பாக்குதோம் சார், எழுத சாக்பீஸ் இல்ல" என்கிறார் அங்கே நிற்கிற அண்ணன்.

டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் செலவழித்தவர்கள் பம்ப் ரூமைக் கண்டுகொள்ளவில்லை. மணல் ஃபில்டரின் பிரஷர் மீட்டரில் கண்ணாடி உடைந்து, முள் ஒரே இடத்தில் நிற்கிறது. பிரஷர் ஏறினால்தான் மணலில் அழுக்கு அடைத்தது தெரியும், அப்போது தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவ வேண்டும், அதுதான் பேக்வாஷ். முள்ளே அசையாவிட்டால் எதைப் பார்த்துப் போடுவார்கள்? நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு, கூரையில்லாத குளத்தில் இலையும் சேறும் விழாமல் இருக்காது. உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் புதுசு, ஆனால் கதவு நிலையில் துளை போடவில்லை, அதனால் பூட்டாது.

கட்டணம் குறைவுதான். காலையில் போங்கள், சாயங்காலம் ஒரே கூட்டம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அந்த மீட்டரை மாற்றினால் நான்கு.