கோசோவில் டைவிங்: பாறைக்காகவே போகலாம்

மால்டாவின் கோசோ தீவுக்கு ஸ்கூபா டைவிங் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் மீனை நம்பிப் போகாதீர்கள். செங்கடலிலோ மாலத்தீவிலோ டைவ் போய்ப் பழகியவர்கள் அதே பவளத் திட்டுகளையும் மீன் கூட்டத்தையும் எதிர்பார்த்து வந்தால் முதல் நாளே முகம் சுருங்கிவிடும். இங்கே பார்க்க வேண்டியது பாறை. சுண்ணாம்புப் பாறையைக் கடல் குடைந்து குடைந்து உண்டாக்கிய வளைவுகள், சுரங்கங்கள், குகைகள், செங்குத்துச் சுவர்கள், அவற்றுக்குள் சாய்ந்து விழும் வெளிச்சம். நல்ல நாளில் 30 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும். இந்தக் கடலில் சத்துப்பொருள் குறைவு, அதனால் மிதக்கும் நுண்ணுயிர்களும் குறைவு, அதனால்தான் தண்ணீர் இவ்வளவு தெளிவு. மீன் குறைவாக இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

முதலில் துவேய்ரா. தீவின் மேற்குக் கரையில் இருக்கும் இந்த ஓர் இடத்துக்காகவே கோசோ போகலாம் என்பேன். ப்ளூ ஹோல் என்பது கடலோரப் பாறைக்கு நடுவே கிணறு மாதிரி இறங்கும் ஒரு குழி, ஆழம் சுமார் 15 மீட்டர். பாதி தூரம் இறங்கினால் ஒரு பக்கச் சுவர் வளைவாகத் திறந்து கடலுக்கு வழிவிடுகிறது. அடியில் ஒரு குகை இருக்கிறது, அதற்குள் கொஞ்சம் போய்த் திரும்பிப் பாருங்கள்: உங்களைச் சுற்றி இருட்டு, எதிரே முழுக்க நீலம், அதில் மற்ற டைவர்கள் கறுப்பு உருவங்களாகத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஈடான காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெளியே வந்து நீந்தினால் அஸூர் விண்டோ கிடக்கிறது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்த அந்தப் புகழ்பெற்ற பாறை வளைவு இப்போது கடலடியில் பெரும் பாறைகளாகக் குவிந்திருக்கிறது, இடுக்குகளில் உயிர்கள் குடியேறிக்கொண்டிருக்கின்றன.

பக்கத்திலேயே இன்லேண்ட் சீ. குன்றுக்குப் பின்னால் ஒதுங்கிய சின்ன நீர்நிலை. அதிலிருந்து சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத் திறந்த கடலுக்குப் போகிறோம். தலைக்கு மேலே சுற்றுலாப் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும் என்பதால் சுரங்கத்துக்குள் கண்டிப்பாக மேலே வரக்கூடாது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள் இதை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

டார்ச் எடுத்துப்போங்கள். நிழலான பாறைக் கூரைகளில் ஆரஞ்சு நிறப் பவள உயிரிகள் ஒட்டியிருக்கும். வெளிச்சம் அடிக்காமல் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம், அடித்தால் பற்றி எரிவது போல் இருக்கும். பாறையில் மட்டும் கை வைக்காதீர்கள். உடம்பின் இரு பக்கமும் வெள்ளை முடிக்கற்றைகளோடு நெருப்புப்புழுக்கள் ஊர்ந்துகொண்டிருக்கும், அந்த முடி தோலில் குத்தி உடைந்தால் எரிச்சல் லேசில் அடங்காது.

சரி, கஷ்டம் எங்கே என்றால் கரையில்தான். பெரும்பாலான டைவ்களுக்குப் படகு கிடையாது. வண்டி நிறுத்தும் இடத்திலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, சிலிண்டரும், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடைகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் முதுகில் இருக்க, கரடுமுரடான பாறையில் நடந்து இறங்க வேண்டும், முடிந்ததும் அதே வழியில் ஏற வேண்டும். முட்டிவலி இருப்பவர்கள் படகு டைவ் ஏற்பாடு செய்யும் இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தடித்த அடி வைத்த பூட்ஸ் அவசியம், மெல்லிய ரப்பர் காலுறை இந்தப் பாறைக்குத் தாங்காது.

நான் போன டைவ் சென்டரின் பெயர் வேண்டாம். உபகரணங்கள் சுத்தம், சிலிண்டர்களில் காற்று முழுசாக இருந்தது, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அப்போதுதான் சான்றிதழ் வாங்கியவர்களையும் பல வருடம் டைவ் செய்தவர்களையும் ஒரே குழுவில் சேர்த்து ஒரே கைடோடு அனுப்பினார்கள். புதியவர் ஒருவரின் காற்று சீக்கிரம் தீர, எல்லாரும் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பணம் போனது ஒரு பக்கம், அந்தப் புதியவர் எவ்வளவு பதற்றப்பட்டார் என்பதை நேரில் பார்த்தேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு கைடுக்கு எத்தனை பேர், அனுபவம் பார்த்துப் பிரிப்பீர்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

அப்புறம் காற்று. இங்கே ஓதத்தால் கடல் மட்டம் ஏறி இறங்குவது மிகக் குறைவு, நாளைத் தீர்மானிப்பது காற்றுதான். வடமேற்கிலிருந்து பலமாக அடித்தால் துவேய்ராவில் இறங்க முடியாது. அன்றைக்குத் தெற்குக் கரையில் ஷட் லாமருக்குக் கூட்டிப்போவார்கள், அங்கே டைவர்களுக்காகவே மூழ்கடித்த கப்பல்கள் இருக்கின்றன. அதுவும் நல்ல டைவ்தான், ஆனாலும் துவேய்ராவுக்கென்று ஒரே நாளை ஒதுக்காமல் இரண்டு மூன்று நாள் இடம் விட்டுத் திட்டமிடுங்கள். மத்தியதரைக் கடலில் உப்பு அதிகம் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈயம் தேவைப்படும், முதல் இறக்கத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். விமான நிலையம் மால்டா தீவில் இருக்கிறது, ஃபெரியில் கடந்து போக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த மாதம் என்றால் அக்டோபர். ஆகஸ்டில் கடல் இன்னும் வெதுவெதுப்பு, ஆனால் ப்ளூ ஹோலில் இறங்கவே வரிசை நிற்கும். அக்டோபரில் கூட்டம் கலைந்திருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்கும், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்டே (குளிர் தாங்கும் டைவிங் உடை) எனக்குப் போதுமாக இருந்தது.